ஒன்பதாவது பட்டையில் நின்றுபோன கட்டர்: ஒரு மாதிரிக் கப்பல் குழுவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பதினொரு பேர் கொண்ட மாதிரிக் கப்பல் குழு ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நீள மேசையைச் சுற்றி மூன்று மணி நேரம் கூடும். அவரவர் கப்பலை அவரவர் கட்டுவார்கள், கருவிகள் பொது. சிலர் பல ஆண்டுகளாகக் கட்டுபவர்கள். இருவர் ஒரே ஒரு கப்பலை முடித்தவர்கள். அந்தக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவரின் முதல் கப்பல் எப்படி நின்றுபோனது, எப்படி மறுபடி நகர்ந்தது என்பதே இந்தப் பதிவு. மரவேலையும் குழு நடந்துகொண்ட விதமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

புதியவர் வாங்கியது 1:64 அளவில் ஒற்றைப் பாய்மரம் கொண்ட சிறிய கப்பலான ஆயுதக் கட்டரின் பாகங்கள் அடங்கிய பெட்டி. கப்பலின் முதுகெலும்பான ப்ளைவுட் கீல், அதன் வெட்டுகளில் குறுக்கே செருகும் பல்க்ஹெட் எனும் தட்டுகள், அவற்றின் மேலே இரண்டு அடுக்காக மரப்பட்டைகளை ஒட்டும் இரட்டைப் பலகையிடல் என்ற வழக்கமான அமைப்பு. உள்ளடுக்குக்கு 5 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிமனில் லைம் மரப் பட்டைகள். வெளியடுக்குக்கு மெல்லிய வால்நட். பெட்டியில் ‘தொடக்கநிலை’ என்று போட்டிருந்தது.

இந்த இடத்திலேயே குழு ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். பாய்மரம் ஒன்றுதான், பீரங்கிகள் குறைவு, அதனால் கயிற்று வேலையும் குறைவு என்பதால்தான் கட்டரைத் தொடக்கநிலை என்கிறார்கள். ஆனால் கட்டரின் முன்முனை, அதாவது அணியம், மொண்ணையாக உருண்டிருக்கும். பட்டை அங்கே குறுகிய தூரத்தில் உள்நோக்கி வளைந்து, கூடவே முறுக்கவும் வேண்டும். பலகையிடலைப் பொறுத்தவரை கூர்மையான அணியம் கொண்ட பெரிய கப்பல்கள் சிலவற்றைவிட இது கடினம். குழுவில் நால்வருக்கு இது தெரியும். ஆர்வத்தோடு வந்தவரை முதல் நாளே பயமுறுத்த வேண்டாம் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

முதல் ஆறு வாரம்

எலும்புக்கூடு ஒழுங்காகவே எழுந்தது. கீலை இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தபோது வளைவு இல்லை. பல்க்ஹெட்கள் மூலைமட்டத்துக்குச் சரியாக நின்றன. ஆனால் இரண்டு வேலைகள் விடுபட்டிருந்தன. முதலாவது, அணியத்தில் முதல் இரண்டு பல்க்ஹெட்களுக்கு முன்னால் பால்சா எனும் மென்மரக் கட்டை வைத்து, அதை உருண்டையாகத் தேய்க்கவில்லை. வழிமுறைத் தாளில் அது கட்டாயம் என்று சொல்லப்படவில்லை. இரண்டாவது, பல்க்ஹெட் ஓரங்களுக்குச் சரிவு கொடுத்தது போதவில்லை. ஒரு பட்டையை ஐந்தாறு பல்க்ஹெட்கள் மேல் ஒட்டாமல் படிய வைத்தால், ஒவ்வொரு ஓரத்திலும் முழுத் தடிமனுக்கும் தொட வேண்டும். அவர் கப்பலில் முன்பக்கம் பட்டை ஒரு விளிம்பை மட்டுமே தொட்டது.

நான்காவது வாரக் கூட்டத்துக்கு அவர் கப்பலைக் கொண்டுவந்தபோது இடப்பக்கத்தில் நான்கு பட்டைகள் ஏறியிருந்தன. தளத்துக்குக் கீழே ஓடும் தடித்த பட்டையிலிருந்து கீழ்நோக்கி, முழு 5 மி.மீ. அகலத்தில், எதையும் குறுக்காமல் ஒட்டியிருந்தார். கப்பல் மேசையைச் சுற்றி வந்தது. “ரொம்ப நல்லா வருது, விட்டுடாதீங்க” என்றார் ஒருவர். “முதல் கப்பலுக்கு இதுவே அதிகம்” என்றார் இன்னொருவர். மனதார வந்த பாராட்டுதான். ஆனால் அளந்து பார்க்க யாரும் கேலிப்பர் எனும் அளவுக் கருவியை எடுக்கவில்லை.

ஆறாவது வாரத்தில் இடப்பக்கம் ஒன்பது பட்டைகள், வலப்பக்கம் இரண்டு. ஐந்தாவது பட்டையிலிருந்து அணியத்தில் ஒவ்வொரு பட்டையும் மேலே ஏற முயன்றிருக்கிறது. அவர் அதைக் குண்டூசியால் அழுத்திப் பிடித்துச் சூப்பர் க்ளூ விட்டிருந்தார். அகலவாக்கில் வளைய மறுக்கும் பட்டையைக் கட்டாயப்படுத்தினால் அதன் ஒரு விளிம்பு தூக்கிக்கொள்ளும். அப்படியே ஆகி, பட்டைகள் கூரை ஓடுபோல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன.

அளந்து கண்டவை

பிறகு அளந்து பார்த்ததில் கிடைத்த கணக்கு இது. நடுக்கப்பலில் தடித்த பட்டையின் அடியிலிருந்து கீல் வரை 80 மி.மீ. அங்கே 5 மி.மீ. பட்டை 16 வரிசை வரும். அதே 16 வரிசையும் அணியத்தில் 46 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். ஆக அங்கே ஒவ்வொரு பட்டையும் சுமார் 2.9 மி.மீ.க்குக் குறுக வேண்டும். பட்டையை அதன் அகலத்தில் பாதிக்குக் கீழே குறுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு, 2.9 அதற்குள் வந்துவிடுகிறது. பின்பக்கம் நேர்மாறு. அங்கே 95 மி.மீ. இருந்தது; 16 முழுப் பட்டைகள் போட்டாலும் 15 மி.மீ. இடைவெளி விழும். அதை ஸ்டீலர் எனும் கூர்முனைத் துண்டுகளால் நிரப்ப வேண்டும், பக்கத்துக்கு மூன்று.

குறுக்காத ஒன்பது பட்டைகள் அணியத்தில் 45 மி.மீ.யை விழுங்கிவிட்டன. நடுக்கப்பலில் இன்னும் ஏழு வரிசைக்கு இடம் காலியாக இருந்தது. அணியத்தில் அந்த ஏழுக்கும் சேர்த்து மிஞ்சியது 1 மி.மீ. பாராட்டு கிடைத்த நான்காவது வாரத்தில் அணியத்தில் போயிருந்தது 20 மி.மீ.; போயிருக்க வேண்டியது 11.5. இந்த 8.5 மி.மீ. வித்தியாசம் அன்றே கண்ணில் பட்டிருந்தால் நான்கு பட்டைகளோடு முடிந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. கப்பலை முன்னாலிருந்து கண் மட்டத்தில் பார்த்தபோது கீலின் முன்முனை இடப்பக்கமாக 3 மி.மீ. இழுபட்டிருந்தது. வளைப்பதற்காக நீரில் ஊறவைத்த பட்டைகளை ஈரம் காயுமுன் ஒட்டியிருந்தார். மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், காயும்போது சுருங்கும். ஒரு பக்கத்தில் ஒன்பது பட்டைகள் வளைத்து இறுக்கப்பட்டிருக்க, எதிர்ப்பக்கம் தாங்க இரண்டே பட்டைகள். மெல்லிய ப்ளைவுட் கீல் அந்த இழுப்புக்கு வளைந்து கொடுத்துவிட்டது. இடம், வலம் என்று மாறி மாறி ஒட்டச் சொல்வது இதற்காகத்தான்.

குழுவின் இரண்டாவது தவறு

ஆறாவது வாரக் கூட்டத்தில் குழுவின் மிக மூத்தவர் கப்பலைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார். ஒரு தாளில் 14 குறைகளை எழுதிக் கொடுத்தார். அத்தனையும் சரி. சரிவு போதாமை, பால்சா இல்லாமை, பசையின் தேர்வு, ஈரம், கீலின் முறுக்கு, குண்டூசித் துளைகள், எல்லாம் அதில் இருந்தன. எதை முதலில் செய்வது என்பது மட்டும் இல்லை. அக்கறையோடுதான் எழுதினார். ஆனால் அந்தத் தாளைப் படித்தவருக்கு, கப்பலைக் குப்பையில் போடு என்று சொன்னதாகவே பட்டிருக்கும். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை.

முதலில் கிடைத்தது கப்பலைப் பார்க்காத பாராட்டு. இரண்டாவது கிடைத்தது கட்டுபவரைப் பார்க்காத குறைப்பட்டியல். இரண்டுக்கும் பிறகு அவர் கையில் அடுத்து என்ன எடுப்பது என்று தெரியாத நிலை அப்படியே இருந்தது.

ஒரு தொலைபேசி அழைப்பு

பத்தாவது வாரத்தில், ஒரே ஒரு கப்பலை முடித்திருந்த உறுப்பினர் அவரை அழைத்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. “அணியத்துல இன்னும் எத்தனை மி.மீ. மிச்சம் இருக்கு? அளந்து சொல்லுங்க” என்று மட்டும் கேட்டார். சற்று நேரம் கழித்துப் பதில் வந்தது: “ஒண்ணு.” “இன்னும் எத்தனை பட்டை வரணும்?” “ஏழு.” அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என்ன தவறு என்பதை அவரே அளந்து சொல்லிவிட்டார்.

அழைத்தவர் அடுத்த கூட்டத்துக்குத் தன் முதல் கப்பலைக் கொண்டுவருவதாகச் சொன்னார். கொண்டும் வந்தார். அதன் அணியத்தில் வெளியடுக்குக்கு அடியில் சில இடங்களில் 4 மி.மீ. கனத்துக்குப் பட்டி, அதாவது பள்ளம் நிரப்பும் பூச்சு, அடைத்திருந்தது. விரல் நகத்தால் தட்டினால் மரமும் பட்டியும் வேறு வேறு ஓசை தரும். புதியவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவர் கப்பலைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்கு வழிகள் பேசப்பட்டன.

பட்டி அடைத்துத் தேய்த்துத் தொடர்வது முதலாவது. இரட்டைப் பலகையிடலில் உள்ளடுக்கு மறைந்துவிடுவதால் பள்ளம், இடைவெளி போன்றவற்றை இப்படி மூடலாம். ஆனால் ஏழு வரிசைக்கு இடமில்லாததையும் கீலின் முறுக்கையும் பட்டியால் சரிசெய்ய முடியாது. இரண்டாவது யோசனை, கீழ் ஐந்து பட்டைகளை மட்டும் எடுப்பது. அப்போதும் மேல் நான்கு 20 மி.மீ.யைப் பிடித்து வைத்திருக்கும். மீதி 12 பட்டைகள் 26 மி.மீ.க்குள் அடங்க ஒவ்வொன்றும் 2.2 மி.மீ. ஆக வேண்டும், அது பாதிக்கும் கீழே போகிறது.

மூன்றாவதை ஒருவர் ஆசையோடு முன்வைத்தார். 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நேவி போர்டு (கடற்படை வாரியம்) மாதிரிகளில் அடிப்பாகத்தைப் பலகையிடாமல் திறந்தே விட்டிருப்பார்கள்; அதுபோல ஒரு பக்கத்தைத் திறந்து விடலாமே என்றார். அந்த மாதிரிகளில் தெரிவது அழகாக அடுக்கப்பட்ட விலா மரங்கள். இந்தக் கட்டரில் தெரியப்போவது இடைவெளி விட்டு நிற்கும் ப்ளைவுட் துண்டுகள். ஒருபக்க இழுப்பால் முறுக்கும் நிரந்தரமாகிவிடும்.

ஆகவே நான்காவது: பதினொரு பட்டைகளையும் கழற்றுவது. இதைப் புதியவரே சொல்லும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். அது சரியான பொறுமை என்பதே எங்கள் கருத்து.

யார் கூட இருப்பது என்பதிலும் ஒரு முடிவு தேவைப்பட்டது. மூத்தவர் இல்லை, ஒரு கப்பல் முடித்தவர்தான் என்று தீர்மானமானது. பல ஆண்டுகள் கட்டியவருக்குப் பட்டையைக் குறுக்குவது கைப்பழக்கம். எந்த இடத்தில் புரியாமல் போகும் என்பது அவருக்கு மறந்திருக்கும். போன ஆண்டு தடுமாறியவருக்கு அது நினைவில் பச்சையாக இருக்கும். மூத்தவர் அதை மனம் கோணாமல் ஏற்றுக்கொண்டு, கீலை நிமிர்த்தும் சட்டத்தைச் செய்யும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

புதியவரின் கப்பலில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பதும் அன்றே முடிவானது. உதவுபவர் காட்ட வேண்டியதை ஒரு தனிக் கட்டையில் செதுக்கிய அணியத்தில் செய்து காட்டுவார். அதைப் பார்த்து அவர் தன் கப்பலில் செய்வார்.

கழற்றியதும் நிமிர்த்தியதும்

வெள்ளைப் பசை போட்ட இடங்களில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவி, நனைத்த துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி அரை மணி நேரம் விட்டார்கள். பசை இளகியதும் மொண்ணையான கத்தியைப் பட்டைக்கும் பல்க்ஹெட்டுக்கும் நடுவே நுழைத்து, நெம்பாமல், வாள் இழுப்பதுபோல மெல்ல நகர்த்த வேண்டும். நெம்பினால் ப்ளைவுட் ஓரம் அடுக்கடுக்காகப் பிளந்துகொண்டு வரும். ஒரு பல்க்ஹெட்டில் அப்படி ஆயிற்று. பசையும் மெல்லிய மரச்சீவலும் வைத்து ஓரத்தை மறுபடி கட்டினார்.

சூப்பர் க்ளூவுக்கு ஆல்கஹால் மசியவில்லை. அதற்கு அசிட்டோன் வேண்டியிருந்தது. இரண்டுமே எளிதில் தீப்பற்றும். ஜன்னல்களைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து, சூடு எதுவும் அருகில் இல்லாமல் செய்தார்கள். அசிட்டோனும் மெதுவாகத்தான் வேலை செய்கிறது. அவசரப்பட்ட இடங்களில் பட்டை முறிந்தது. பதினொன்றில் ஆறு முழுசாக வந்தன, ஐந்து போயின. ஐந்துக்கு ஈடாக மூன்று உறுப்பினர்கள் தங்கள் பழைய பெட்டிகளில் மிஞ்சிய பட்டைகளைக் கொடுத்தார்கள். நிறம் ஒத்துப்போகவில்லை. உள்ளடுக்கு என்பதால் அது ஒரு பொருட்டில்லை.

கீலை நிமிர்த்த மூத்தவர் செய்த சட்டம் எளிமையானது. தட்டையான பலகையில் இரண்டு அலுமினியக் கோணச் சட்டங்கள், நடுவில் கீலின் தடிமனுக்கு மட்டும் இடைவெளி. கீலின் முன்பகுதியை ஈரத் துணியால் நனைத்து அதில் இறுக்கி 48 மணி நேரம் விட்டார்கள். சட்டத்திலிருந்து எடுக்கும் முன்பே பல்க்ஹெட்களுக்கு இடையே கீலின் இருபுறமும் சதுரக் கட்டைகளை அளந்து வெட்டி ஒட்டினார்கள். அந்தக் கட்டைகள் இல்லாவிட்டால் கீல் மறுபடி பழைய வளைவுக்கே திரும்ப முயலும். 3 மி.மீ. விலகல் அரை மி.மீ.க்குள் வந்தது. பிறகு அணியத்தில் பால்சா கட்டைகள் ஏறின. நீளக் கட்டையில் 80ஆம் எண் உப்புத்தாள் ஒட்டி, மூன்று நான்கு பல்க்ஹெட்களை ஒருசேரத் தேய்த்துச் சரிவு கொடுத்தார். முடிவில் 120ஆம் எண்.

மறுபடி பலகையிடல்

ஒவ்வொரு பல்க்ஹெட்டிலும் ஒரு காகிதத் துண்டை ஓரத்தோடு படியவைத்து நீளத்தைக் குறித்து, அதை 16ஆக வகுத்து, குறிகளைப் பல்க்ஹெட் ஓரத்துக்கு மாற்றினார். எட்டாவது குறியின் வழியாக முன்னிருந்து பின்வரை ஒரு கறுப்பு நூலை ஒட்டினார். நூல் எங்காவது நெளிந்தால் குறி தப்பு; கண் அதைச் சட்டென்று காட்டிக் கொடுத்துவிடும். அந்த நூலைச் சரிசெய்யவே ஒரு கூட்டம் முழுதும் போயிற்று. அதுதான் மொத்த வேலையிலும் மிகப் பயனுள்ள மூன்று மணி நேரம் என்று சொல்லலாம்.

கீலை ஒட்டிய முதல் பட்டையில் பலர் தவறுவார்கள். அதை அணியத்தில் மேலே ஏறவிட்டால் மேலிருந்து வரும் பட்டைகளுக்கான இடத்தை அது தின்றுவிடும். இவர் அதை முன்னால் குட்டையாகவே நிறுத்தினார். பின்பக்கம் அகலத்தைக் குறைக்கவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு ஜோடி என்று வைத்துக்கொண்டார். இடம் ஒன்று, வலம் ஒன்று. இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பிடித்துச் சின்ன இழைப்புளியால் ஒன்றாகவே குறுக்கினால் இரு பக்கமும் ஒத்திருக்கும். கால் மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கப்பலின் மீதே கிளிப் போட்டு வளைத்து, இரவு முழுதும் காயவிட வேண்டும். மறுநாள் ஓரத்தில் லேசான சரிவு கொடுத்து, காய்ந்த பட்டையை வெள்ளைப் பசையில் ஒட்ட வேண்டும். நான்கு வரிசைக்கு ஒருமுறை மீதி இடத்தை அளந்து மறுபடி வகுக்க வேண்டும். எட்டாவது வரிசையில் அணியத்தில் 0.6 மி.மீ. பிசகியிருந்தது; அடுத்த நான்கு பட்டைகளில் பகிர்ந்து அதைச் சரிக்கட்டினார்.

இந்தக் கட்டத்தில் குழுவின் பேச்சு மாறியிருந்தது. “அழகா இருக்கு” என்பதற்குப் பதில் “ஆறாவது பட்டையோட முன்முனை நல்லா படிஞ்சிருக்கு, அங்க என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார்கள். கேட்டால் அவர் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த முறையும் அதையே செய்வார். இந்த ஒரு மாற்றத்துக்கு யாரும் தனியாகத் திட்டம் போடவில்லை.

வலப்பக்கத்தில் ஒரு பள்ளம் மட்டும் தங்கிவிட்டது. பட்டி அடைத்துத் தேய்த்தார். வெளியடுக்கு வால்நட் சிக்கலின்றி ஏறியது.

கயிற்று வேலையில் இன்னொரு தடங்கல்

பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கயிறுகள் பக்கத்துக்கு ஐந்து. அவற்றின் குறுக்கே ஏணிப்படிபோல ஓடும் மெல்லிய கயிறுகளுக்கு இடையே, நிஜக் கப்பலின் 15 அங்குல இடைவெளி 1:64இல் 6 மி.மீ. ஆகும். பக்கத்துக்கு 22 படிகள், படிக்கு ஐந்து முடிச்சுகள். இரு பக்கமும் சேர்த்து 220. இந்த இடத்தில்தான் பலரும் மாதக்கணக்கில் கப்பலை மூடி வைத்துவிடுகிறார்கள்.

முதல் எட்டுப் படிகளில் முடிச்சை இறுக்கி இறுக்கி, வெளிக் கயிறுகள் இரண்டும் உள்ளே இழுபட்டு இடுப்பு ஒடுங்கியதுபோல் ஆயின. அவற்றை வெட்டி எடுத்தார். கோடு போட்ட அட்டையைப் பின்னால் செருகி, கயிறுகளின் குறுக்கே மெல்லிய பித்தளைக் கம்பிகளைத் தற்காலிகமாகக் கட்டி அகலத்தை நிலைநிறுத்தினார். ஒவ்வொரு ஐந்தாவது படியையும் முதலில் கட்டிவிட்டு, நடுவில் உள்ளவற்றைப் பிறகு நிரப்பினார். அதே வேலையில் நின்றிருந்த இன்னும் இருவர் தங்கள் கப்பல்களோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று கூட்டங்கள் அவர்கள் முடிச்சு மட்டுமே போட்டார்கள். தனியாக உட்கார்ந்தால் 20 முடிச்சில் கை சலித்துவிடும். பக்கத்தில் இன்னொருவர் அதையே செய்துகொண்டிருந்தால் சாதாரணமாக 40 வரை போகிறது.

விளைவு

கட்டர் 14ஆவது மாதத்தில் முடிந்தது. அணியத்தில் இருபக்க வரிசைகளும் ஒரே உயரத்தில் சந்திக்கின்றன. வலப்பக்கப் பள்ளம் இருந்த இடத்தைச் சாய்வான ஒளியில் பார்த்தால் இப்போதும் தெரியும். புதியவர் இப்போது அடுத்து வந்த ஒருவரோடு உட்கார்ந்து நூல் ஒட்டக் கற்றுக்கொடுக்கிறார்.

இன்னொரு விளைவையும் மறைக்காமல் பதிய வேண்டும். இதே காலத்தில் வேறொரு உறுப்பினர் சத்தமில்லாமல் விலகிவிட்டார். அவர் பலகையிடலில் குறையே இல்லை. அதனால் யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. கயிற்று வேலையின் நடுவில் அவர் நின்றுபோனது, அவர் போய் மூன்று மாதம் கழித்தே குழுவுக்குத் தெரிந்தது. எல்லோருடைய கவனமும் உடைந்த கப்பலின் மேல் இருந்தது.

இனி மாற்றுபவை

பெட்டி வாங்கும் முன்பே அணியத்தின் வடிவத்தைப் பற்றிப் பேசுவது. கட்டர்தான் வேண்டும் என்றால் கட்டட்டும். எது கடினம் என்று தெரிந்தே தொடங்கட்டும்.

முதல் நான்கு பட்டைகள் ஏறியதும், பாராட்டுக்கு முன்னால் நடுவிலும் இருமுனைகளிலும் மீதி இடத்தை அளப்பது. மேசை மேல் இப்போது ஒரு கேலிப்பர் நிரந்தரமாக இருக்கிறது.

குறை சொல்பவர் ஒரே ஒரு குறையை, அதைத் தீர்க்கும் முதல் செய்கையோடு சேர்த்துச் சொல்வது. மற்ற 13ஐ எழுதி வைத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேல் முதல் குறை தீரும்போதே தாமாகப் போய்விடும். இந்தக் கப்பலில் அப்படித்தான் நடந்தது.

யாராவது தொடர்ந்து இரண்டு கூட்டங்களுக்கு வராவிட்டால், அவர் பக்கத்தில் உட்காருபவர் அழைப்பது. கப்பல் நன்றாக இருப்பவரையும் அழைப்பது. எப்போது முடிப்பீர்கள் என்று கேட்காமல், இப்போது எந்தக் கயிற்றில் நிற்கிறீர்கள் என்று கேட்பது. விலகிப் போனவருக்கு அந்த அழைப்பு போய்விட்டது. அவர் இன்னும் வரவில்லை. படிக்கயிறுகள் எட்டாவது வரிசையில் நிற்பதாகச் சொன்னார். பித்தளைக் கம்பிகளும் கோடு போட்ட அட்டையும் அவருக்குக் கொடுத்தனுப்பப்பட்டிருக்கின்றன.